கூட நின்றவன்

(சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் பேசியது. புத்தாண்டு மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



“சொந்தத் தொழில்” என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் அண்ணை கேட்டுக்கொண்டார். நான் தொழிற்சாலையில் மெசின் ஓட்டுகிறவன். உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. சொந்தத் தொழிலைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். அதனால் என்னுடைய கதையை விட்டுவிட்டு வேறு ஒருவருடைய கதையைச் சொல்லப் போகிறேன். அவர் முதலில் விளையாட்டு வீரர். பிறகு ரெனிஸ் பயிற்சியாளர். அதற்குப் பிறகு வங்கி முதலாளி. ருமேனியா நாட்டுக்காரர். பெயர் இயோன் திரியாக்.

இளம் ஆக்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். ஆனால் 1985 இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, அகதிகள் விடுதியில் ஒரு அறைக்கு நாலைந்து பேராகக் கிடந்த பெரியவர்களுக்கு ஆளைச் சொன்னால் ஞாபகம் வரும். அந்த யூலை மாதம் 7 ஆம் திகதி ஜேர்மன் சனம் முழுக்க ரெலிவிசனுக்கு முன்னால் இருந்தது. விம்பிள்டன் இறுதி ஆட்டம். செம்பட்டை முடியோடு 17 வயதுப் பெடியன் ஒருவன் பந்தை எட்டிப் பிடிக்கப் புல்லில் விழுந்து விழுந்து எழும்புகிறான். அவன்தான் பொறிஸ் பெக்கர். ரெலிவிசனில் இடைக்கிடை பார்வையாளர் பக்கம் காட்டுவார்கள். அங்கே பெரிய தொங்குமீசையோடு, சிரிக்கவே தெரியாத முகத்தோடு ஒருவர் இருப்பார். ஊர் எல்லையில் இருக்கிற ஐயனாருக்குக் கோட்டுப் போட்டுவிட்ட மாதிரி. அவர்தான் திரியாக்.

இவர் 1939 மே 9 ஆம் திகதி பிரசோவ் என்ற ஊரில் பிறந்தார். ருமேனியாவின் நடுப்பகுதியில், மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். லொறி செய்கிற தொழிற்சாலையும் உழவு இயந்திரம் செய்கிற தொழிற்சாலையும் இருந்த ஊர். திரியாக் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த ஊருக்குப் பெயரே பிரசோவ் இல்லை. 1950 இலிருந்து 1960 வரை அதை “ஸ்ராலின் நகரம்” என்றுதான் அழைக்கவேண்டும். அரசாங்கம் மாறும்போது ஊரின் பெயர் மாறுவது எங்களுக்கும் புதுமையான விசயம் இல்லை.

குளிர் நாடு என்றபடியால் முதலில் பனிக்கட்டியில் ஆடும் ஹொக்கி. 1964 இல் இன்ஸ்புறுக்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ருமேனிய அணியில் ஆடினார். தடுப்பாட்டக்காரர். அதாவது கோல் போடுகிறவர் இல்லை, மற்றவனைப் போடவிடாமல் குறுக்கே நிற்கிறவர். ரெனிஸிலும் அவர் அப்படித்தான். பெரிய அடி கிடையாது. ஓடுவார், பந்தைத் திருப்பித் திருப்பிப் போடுவார், எதிராளி களைத்து, கோபப்பட்டு, பிழை விடும்வரைக்கும் நிற்பார். ரெனிஸ் ஆடத் தெரியாதவர்களில் உலகத்திலேயே சிறந்த வீரன் நான்தான் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லுவாராம். பகிடிதான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒளிக்காமல் பார்க்கிற கணக்கு.

அவருக்குப் பக்கத்தில் ஆடியவர் இலியே நஸ்தாசே. திரியாக்கை விட 7 வயது இளையவர். கையில் பிறவித் திறமை. நினைத்த இடத்தில் பந்து விழும், வாயையும் குணத்தையும் மட்டும் கட்டுப்படுத்த இயலாது. இந்த இருவரும் சேர்ந்து 1970 இல் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில் இரட்டையர் பட்டம் எடுத்தார்கள். டேவிஸ் கிண்ணத்தில் 1969, 1971, 1972 என்று மூன்று தரம் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். மூன்று தரமும் அமெரிக்காவிடம் தோற்றார்கள். கடைசித் தடவை ஆட்டம் புக்காரெஸ்டில், சொந்த மண்ணில். மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த கொலைகளுக்குப் பிறகு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க அணியைச் சுற்றி ஒரே காவல். கோட்டு நடுவர்கள் உள்ளூர்க்காரருக்குச் சாதகமாகச் சொன்னார்கள் என்று அமெரிக்கர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். திரியாக் முதல் நாள் ரொம் கோர்மனிடம் இரண்டு செற் பின்னுக்கு நின்று, பிறகு மூன்றையும் எடுத்து வென்றார். கடைசி நாள் ஸ்ரான் ஸ்மித்தையும் ஐந்தாவது செற் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். ஐந்தாவது செற்றில் 6-0. சனத்தின் சத்தமும், நேரத்தை இழுத்தடிக்கிற வேலையும், மீசையும் எல்லாம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

அப்போது அவருக்கு 33 வயது. விளையாட்டுக்காரனுக்கு அது ஓய்வூதிய வயது. அரசாங்கம் சொன்னால்தான் வெளிநாடு போகலாம், காசுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்ற ஒரு நாட்டில் இருந்து வந்தவர் அவர். சாதாரணமாக ஒருவர் என்ன செய்திருப்பார்? ஊரிலே ஒரு கழகத்தில் பயிற்சியாளராக இருந்து சின்னப் பிள்ளையளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்திருப்பார். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் திரியாக் செய்தது வேறு. தனக்குத் தெரிந்ததை யாருக்கு விற்கலாம் என்று பார்த்தார்.

அவர் பிடித்த ஆள் ஆர்ஜென்ரினாவைச் சேர்ந்த கியேர்மோ விலாஸ். இடக்கைக்காரர், பலசாலி, கவிதை எழுதுகிறவர், மனம் கொஞ்சம் இளகினவர். திரியாக் அவரை எடுத்து ஆளை முறுக்கினார். மணித்தியாலக் கணக்காகப் பயிற்சி. எந்த ஊரில் எந்தப் போட்டி ஆடுவது, எதை விடுவது, எப்போது படுப்பது எல்லாம் இவருடைய பொறுப்பு. 1977 இல் விலாஸ் பிரெஞ்சுப் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் எடுத்தார். அந்த வருடம் மட்டும் 16 பட்டங்கள். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 46 ஆட்டங்கள் தோற்கவே இல்லை.

அந்த 46 எப்படி முடிந்தது என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். பிரான்சில் எக்ஸ் என்ற ஊர். இறுதி ஆட்டத்தில் எதிரே நிற்பது யார்? நஸ்தாசே! திரியாக்கின் பழைய கூட்டாளி. அவர் கையில் வைத்திருந்தது “ஸ்பகெற்றி” மட்டை என்று சொல்லப்பட்ட ஒன்று. இரட்டை நரம்பு கட்டி, இடையில் பிளாஸ்ரிக் குழாய்களும் போட்ட மட்டை. பந்து பட்டால் எந்தப் பக்கம் சுழலும் என்று கடவுளுக்கும் தெரியாது. இரண்டு செற் தோற்றவுடன் விலாஸ் இது விளையாட்டே இல்லை என்று ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மட்டை பிறகு தடை செய்யப்பட்டது. திறமை, உழைப்பு, திட்டம் எல்லாவற்றையும் ஒரு நரம்பு கவிழ்த்துவிட்டது. தொழில் செய்கிற ஆக்கள் இந்த இடத்தில் தலையாட்டுகிறீர்கள். கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெற் வந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கிறது.

இனி பெக்கருக்கு வருவோம். நான் சொல்ல வந்த விசயமே இங்கேதான் இருக்கிறது.

பெக்கர் ஹைடல்பேர்க்குக்குப் பக்கத்தில் உள்ள லைமன் என்ற சின்ன ஊர்க்காரன். தகப்பன் கட்டடக் கலைஞர். பிள்ளை பள்ளிக்கூடத்தை முடிக்கவேண்டும், பிறகு மேலே படிக்கவேண்டும் என்பது தாய் தகப்பனுடைய எண்ணம். எங்கட வீடுகளில் உள்ள அதே எண்ணம்தான். அவனுக்கு ஜேர்மன் ரெனிஸ் சம்மேளனத்தில் பயிற்சி கொடுத்தவர் குந்தர் பொஷ். இந்தப் பொஷ் யார் என்று பார்த்தால், அவரும் அதே பிரசோவ் ஊர்க்காரர்! ருமேனியாவில் பரம்பரையாக வாழ்ந்த ஜேர்மன் மொழிச் சனத்தைச் சேர்ந்தவர். 70களில் மேற்கு ஜேர்மனிக்கு வந்து குடியேறியவர். ஆக, ஊரை விட்டு வந்த இரண்டு பேர் அந்நிய நாட்டில் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரு பெடியனைக் காட்டுகிறார், மற்றவர் அவனைப் பார்க்கிறார். பொஷ் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது, திரியாக் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என்று 1984 இல் ஒழுங்கு செய்தார்கள். பெற்றோரோடு வீட்டில் இருந்து கதைத்து, சம்மதம் வாங்கி, கையெழுத்து வாங்கி. பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றது.

1985 விம்பிள்டனில் நாலாவது சுற்று. எதிராளி அமெரிக்கர் ரிம் மயோற். நாலாவது செற்றில் பெக்கருக்குக் கணுக்கால் மடங்கிவிட்டது. அதற்கு முந்தின வருடம் இதே விம்பிள்டனில் இதே மாதிரிக் கால் அடிபட்டு, தூக்குக் கட்டிலில் கொண்டுபோனவர்கள். அந்தப் பயம் அவனுக்கு உள்ளே இருந்திருக்கும். சரி, முடிந்தது, கையைக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று வலைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டான். மயோற் தூரத்தில் நின்றார். கை கொடுக்க ஆள் கிட்ட இல்லை. அந்த இடைவெளியில் மேலே இருந்து திரியாக்கும் பொஷும் கத்தினார்கள்: வைத்தியம் செய்ய மூன்று நிமிடம் கேள்! பெடியன் கேட்டான். ஆள் வந்து காலைக் கட்டினார். நாலாவது செற்றும் ஐந்தாவது செற்றும் பெக்கருக்கு. பிறகு இறுதி ஆட்டத்தில் கெவின் கறனை வென்று, விம்பிள்டன் ஆண்கள் பட்டம் எடுத்த முதல் ஜேர்மன்காரன், அதுவரைக்கும் எடுத்தவர்களில் வயது குறைந்தவன் என்று பெயர் எடுத்தான்.

யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் திரியாக் பந்தைத் தொடவில்லை. மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. விதியை அறிந்திருந்தார். பெடியன் வலியில் மறந்துபோனதை அவர் மறக்கவில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காசு வந்தது. பூமாக் கொம்பனியின் சப்பாத்து, மட்டை, இன்னும் எத்தனையோ விளம்பரங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் திரியாக் பேசினார். யாரோடு சேருவது, யாரை வேண்டாம் என்பது, எத்தனை வருடத்துக்கு என்பது. வீரனின் வருமானத்தில் அவருக்கும் பங்கு. சும்மா செய்யவில்லை. இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வேலை செய்தவனுக்குக் கூலி. பங்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்திருந்தால் பேந்து சண்டை வராது.

ஆனால் எல்லாம் நல்லபடி போகவில்லை. 1987 தை மாதம் அவுஸ்திரேலியாவில் பெக்கர் தோற்ற கையோடு பொஷ் விலகிக்கொண்டார். எப்போதும் பக்கத்தில் ஒருவர் நிற்பது 19 வயதுப் பெடியனுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. எப்போதும் நிற்க விடாவிட்டால் நான் எதற்கு என்பது பொஷுடைய நியாயம். எங்கட வீடுகளில் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடக்கிற அதே வழக்கு. திரியாக் 1993 வரைக்கும் நின்றார். அந்தக் காலத்துக்குள் பெக்கர் விம்பிள்டன் மூன்று தரம், அமெரிக்கப் பட்டம் ஒரு தரம், அவுஸ்திரேலியப் பட்டம் ஒரு தரம் எடுத்துவிட்டார். பிரிந்த பிறகு 1996 இல் இன்னும் ஒன்று.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2002 இல் மியூனிக்கில் வரிக் குற்றத்துக்காகத் தண்டனை, ஒத்திவைக்கப்பட்ட சிறை. 2017 இல் லண்டன் நீதிமன்றம் அவரைக் கடனைக் கட்ட முடியாதவர் என்று அறிவித்தது. 2022 சித்திரையில், சொத்தை மறைத்த குற்றத்துக்காக இரண்டரை வருடச் சிறை. அந்த மார்கழியில் விடுதலையாகி ஜேர்மனிக்கு நாடு கடத்தப்பட்டார். நாடு கடத்தல் என்ற சொல் இந்த மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். விம்பிள்டனுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக வாழ்ந்த ஒருவருக்கும் அது வந்தது.

அவருடைய விழுகையைச் சொல்லிச் சிரிக்க நான் வரவில்லை. ஆறு பெரிய பட்டம் எடுத்த கை, தன்னுடைய கணக்குப் புத்தகத்தைப் பிடிக்கப் பழகவில்லை என்பதுதான் எனக்குப் படுகிறது. 16, 17 வயதிலிருந்து அந்தப் புத்தகத்தை வேறு ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வேறொருவர் நல்லாகப் பிடித்தார் என்றே வைத்துக்கொள்ளுவோம். ஆனால் அவர் போன பிறகு? மீசைக்காரர் பெடியனுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். சொல்லிக் கொடுத்தும் பெடியன் கேட்காமல் விட்டிருக்கவும் கூடும். பிள்ளை வளர்க்கிற ஆக்களுக்கு அது தெரியும்.

இனி வங்கிக் கதை. 1989 மார்கழியில் ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தது. நத்தார் தினத்தில் அவரையும் மனைவியையும் சுட்டார்கள். திரியாக் மேற்கில் உழைத்த காசோடும் தொடர்புகளோடும் ஊருக்குத் திரும்பினார். 1990 இல் தன்னுடைய பெயரிலேயே ஒரு வங்கியைத் தொடங்கினார். கம்யூனிச ஆட்சிக்குப் பிறகு அந்த நாட்டில் வந்த முதல் தனியார் வங்கி அது. அதைத் தொடர்ந்து காப்புறுதி, கார் விற்பனை, விமானச் சேவை என்று போனது. 2007 இல் போர்ப்ஸ் பத்திரிகையின் கோடீஸ்வரர் பட்டியலில் இடம்பிடித்த முதல் ருமேனியர் ஆனார்.

இப்படி ஒரே மூச்சில் சொன்னால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். அதனால் அந்தக் காலத்தில் அந்த நாட்டுச் சனம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1993 இல் ருமேனியாவில் விலைவாசி ஒரு வருடத்தில் 250 வீதத்துக்கும் மேலே ஏறியது. அதாவது தை மாதம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் அடுத்த தையில் 350 ரூபா. சம்பளக்காரனின் சேமிப்பு கண் முன்னால் உருகுகிறது. அந்த நேரத்தில் “காரிற்றாஸ்” என்று ஒன்று வந்தது. தேவாலயத் தொண்டு நிறுவனத்தின் பெயர், ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1992 இல் தொடங்கியது. எங்கே? அதே பிரசோவில்! பிறகு குளுஜ் என்ற ஊருக்குப் போனது. காசைப் போடு, மூன்று மாதத்தில் எட்டு மடங்காகத் தருகிறோம் என்பது வாக்குறுதி. முதலில் போட்டவனுக்கு உண்மையாகவே கொடுத்தார்கள், பிறகு வந்தவனின் காசை எடுத்து. இலட்சக்கணக்கான குடும்பங்கள் மாட்டை விற்று, வீட்டை விற்றுப் போட்டன. 1994 இல் எல்லாம் முறிந்தது.

எட்டு மடங்கு என்றவுடன் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கவேண்டாம். எங்கட சனமும் இங்கே, சுவிசில், கனடாவில் சீட்டு முறிந்து நின்ற சனம்தான். சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக வேறு நாடு போன கதைகள் எத்தனை. பனியிலே பத்திரிகை போட்டு, உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசு. பொலிசுக்கும் போக ஏலாது, ஏனென்றால் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. “எங்கட ஆள்தானே” என்ற நம்பிக்கை மட்டும்.

திரியாக்கும் விற்றது நம்பிக்கையைத்தான். சனம் அவரை ரெலிவிசனில் கண்டிருந்தது. பெயர் தெரியும், முகம் தெரியும், மீசை தெரியும். அந்தப் பெயரைத்தான் வங்கியின் வாசலில் பலகையாக மாட்டினார். வித்தியாசம் என்னவென்றால், அந்த வங்கி நின்றது. 90களின் கடைசியிலும் 2000 இலும் அந்த நாட்டில் பெரிய பெரிய வங்கிகளும் முதலீட்டு நிதியங்களும் விழுந்தன. அரசாங்கத்தின் பாங்கொறெக்ஸ் வங்கியே 1999 இல் போய்விட்டது. திரியாக் வங்கி பிறகு மியூனிக்கின் ஹவூபே வங்கியோடும், அதன் வழியாக இத்தாலியின் யூனிகிறெடிற்றோடும் சேர்ந்தது. 2015 இல் அவர் தன்னுடைய பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார். காப்புறுதியிலும் அப்படித்தான், 2000 இல் ஜேர்மனியின் அலியான்ஸ் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. தனியாகத் தூக்கக்கூடிய பாரம் எவ்வளவு, எப்போது இன்னொருவரைச் சேர்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரட்டையர் ஆட்டக்காரர் அல்லவா.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் தொழிற்சாலைக்காரன் இல்லை. 1987 கார்த்திகை 15 ஆம் திகதி பிரசோவ் லொறித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சம்பளத்தை வெட்டினார்கள் என்று வேலையை நிறுத்திவிட்டு ஊருக்குள் ஊர்வலமாகப் போனார்கள். வீட்டில் சூடு இல்லை, கடையில் சாப்பாடு இல்லை. கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். பிறகு பிடித்து, அடித்து, வழக்குப் போட்டு, குடும்பத்திலிருந்து பிரித்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் அதே ஊர் மகன் திரியாக் மேற்கில் பெக்கரின் ஒப்பந்தங்களைப் பேசிக்கொண்டிருந்தார். விளையாட்டு அவருக்குக் கதவைத் திறந்தது. மெசினுக்கு முன்னால் நின்றவனுக்கு அந்தக் கதவு இல்லை. 1990 இல் கையில் வெளிநாட்டுக் காசோடு ஒருவன் ஊருக்கு வருவதும், பத்து விரலோடு ஒருவன் நிற்பதும் ஒரே தொடக்கக் கோடு இல்லை. உழைத்தால் எல்லாரும் திரியாக் ஆகலாம் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது பொய்.

பிடிவாதத்தால் அவர் பட்ட பாடும் ஒன்று இருக்கிறது. வங்கி வந்த பிறகும் ரெனிஸை அவர் விடவில்லை. வீரர்களை வைத்து உழைத்தது போதும், போட்டியையே சொந்தமாக நடத்துவோம் என்று போனார். 90களில் ஸ்ருட்கார்ட்டில் பெரிய உள்ளரங்கப் போட்டி. 2002 இல் அதை ஸ்பெயினின் மட்ரிட்டுக்குக் கொண்டுபோனார். 2009 இலிருந்து வெளியரங்கில், செம்மண் தரையில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து. 2012 இல் அவருக்கு ஒரு யோசனை. மஞ்சள் பந்து ரெலிவிசனில் வடிவாகத் தெரியவேண்டும் என்று மண்ணுக்கே நீலச் சாயம் போட்டார். பார்க்க வடிவுதான். ஆனால் தரை வழுக்கியது. நடாலும் ஜோகோவிச்சும் இனி இந்தத் தரையென்றால் வரமாட்டோம் என்று நின்றார்கள். ஆண்கள் பட்டத்தை பெடரர் எடுத்தார், அவருக்கு வழுக்கவில்லை போல! அடுத்த வருடத்துக்கு நீல மண்ணுக்குத் தடை. பழைய சிவப்பு மண் திரும்பவும் வந்தது. 2013 இல் ரெனிஸ் உலகின் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தார்கள், விளையாடியதற்காக அல்ல, விளையாட்டை நடத்தியதற்காக. 2021 இல் மட்ரிட் போட்டியை ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார்.

சரி, இந்த மனிசனை ஏன் நான் இங்கே கொண்டுவந்தேன்?

எங்கட பிள்ளையளில் இப்போது விளையாட்டில் கெட்டிக்காரர் வருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 14 வயதுப் பெண்பிள்ளை. ஒரு கழகம் கூப்பிட்டு, மாநில மட்டப் பயிற்சிக்கு எடுக்கலாம், இதில் கையெழுத்து வையுங்கள் என்று ஒரு கட்டுக் கடதாசி கொடுத்திருக்கிறது. தகப்பன் இரவு வேலை, தாய் துப்பரவு வேலை. ஜேர்மன் மொழியில் எட்டுப் பக்கம். வாசித்துச் சொல்வது யார்? அந்தப் பிள்ளையே! தன்னுடைய ஒப்பந்தத்தைத் தானே தாய் தகப்பனுக்கு மொழிபெயர்க்கிறது. பிடித்த பகுதியை வடிவாகச் சொல்லும், பிடிக்காத பகுதியைத் தாண்டிப் போகும். பிள்ளைதானே. என்ன செய்வது என்று தகப்பன் என்னிடம் கேட்டார். “தம்பி, படிப்பைக் குழப்புமோ? இல்லாட்டி நாங்கள்தான் பிள்ளையின்ர வாய்ப்பைக் கெடுக்கிறமோ?”

லைமனில் பெக்கரின் வீட்டிலும் இதே கேள்விதான் இருந்திருக்கும். அவர்களுக்கு மொழி தெரியும், நாடு தெரியும். இருந்தும் ஒரு ஆள் வந்து இருந்து கதைக்கவேண்டி இருந்தது. எங்களுக்கு எப்படி இருக்கும்?

படிப்பா விளையாட்டா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அது அந்தந்த வீட்டின் முடிவு. ஆனால் எட்டுப் பக்கத்தைப் பற்றி என்னிடம் பதில் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இந்த நாட்டில் அப்படி ஒரு ஒப்பந்தம் செல்லாது. அதனால் அவசரப்படுத்துகிறவனுக்குப் பயப்படத் தேவையில்லை. “வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறோம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. எத்தனை வருடத்துக்கு, இடையில் விட்டால் என்ன, காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, காசு வந்தால் யாருக்கு எவ்வளவு, இவற்றைக் கேட்கவேண்டும். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அதற்கும் விளங்கப்படுத்தவேண்டும். பெக்கருக்கு ஆரும் அதைச் செய்தார்களோ தெரியாது.

எங்கட சங்கத்தில் இந்த மொழியில் படித்து வந்த பிள்ளையள் இப்போது இருபது, இருபத்தைந்து வயதில் இருக்கிறார்கள். சட்டம் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், வங்கியில் வேலை பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கிற உங்களைத்தான் சொல்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இரண்டு மணித்தியாலம், இந்த மண்டபத்தின் சின்ன அறையில் இரண்டு பேர் இருந்தால் போதும். பயிற்சி ஒப்பந்தம், தொழிற்கல்வி ஒப்பந்தம், கடைக்கு வாடகை ஒப்பந்தம், எதுவாக இருந்தாலும் கையெழுத்து வைக்க முதல் கொண்டுவந்து காட்டலாம். சீட்டுக் கட்டுகிறவர்களும் வரலாம், யார் யார் எவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதி எல்லாரும் ஒப்பம் வைக்க. கோபிக்கவேண்டாம், நேர்மையான ஆளுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

செயலாளர் அண்ணையோடு கதைத்துவிட்டேன், அறைத் திறப்பைத் தரச் சம்மதம். பெயர் எழுதுகிற கொப்பி தேநீர் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே சொன்ன அந்தத் தகப்பனும் வந்திருக்கிறார், கடதாசிக் கட்டையும் கொண்டுவந்திருக்கிறார். முதல் ஆளாக அவருடையதைப் பார்ப்போம்.